முடி இறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

எங்கள் ஊரில் நோய்களுக்குப் பெயர் கிடையாது. நாற்பதுகளில் தென்காசியில் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அலமாரியைக் கையால் காட்டுவார்கள். காசநோய் இருக்கிற வீட்டிலிருந்து வந்தவர் ‘அந்த இருமலுக்கு’ என்பார். காலராவை ‘கக்கலும் கழிச்சலும்’ என்று, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்வார்கள். பெரியம்மைக்கு மருந்து கேட்டு யாரும் வந்ததே இல்லை. ‘வீட்டுக்கு அம்மா வந்திருக்கா’ என்று யாராவது சொன்னால், மருந்து விற்கிற அப்பாவே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடுவார். பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்பது ஊரின் தீர்மானம். எனக்கோ வாய் சும்மா இருக்காது. கடை நிறைய ஆள் இருக்கும்போது, ‘இவங்க வீட்டுல காசநோயாப்பா?’ என்று ஒருநாள் கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாய்தான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது. அப்பா காலமானபின் தம்பி கடையை விற்றுவிட்டு, குற்றாலத்தில் மாடியுள்ள ஒரு வீட்டை வாங்கி, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான். நான் கல்லூரி முடித்து, கல்யாணம் வேண்டாம் என்று நின்று, உறவுக்காரர்களின் கடுப்பைச் சம்பாதித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்தது. முதலில் பெண்கள் நிகழ்ச்சிக்கு ஏதோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு வியாழக்கிழமைதோறும் நலவாழ்வுச் செய்தி என்று ஒன்று தொடங்கினார்கள். மாவட்டத்தில் எங்கே என்ன நோய் இருக்கிறது, எங்கே ஊசி போடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று விசாரித்து, எழுதி, நாமே வாசிக்க வேண்டும். அங்கிருந்த ஆண்களில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. மந்திரி வருகையும் அணைக்கட்டும் அவர்களுக்கு, சொறியும் பேதியும் எனக்கு. ‘அம்மாவுக்கு வியாழக்கிழமையானா வயித்தால போகும்’ என்று கேன்டீனில் கேலி நடக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போவேன், டாக்டர்களைக் கேள்வி கேட்டு அரிப்பேன். மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்ததும், எங்கள் ஊரார் வாயில் வராத பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக, நிறுத்தி, மாவட்டம் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன்.

ஊருக்கு அது சீக்கிரமே ஆகாமல் போயிற்று. ஒரு வாரம் சிவகிரிப் பக்கம் காலரா என்று சொன்னேன். அடுத்த வாரம் வாசுதேவநல்லூரிலும் கண்டுவிட்டது. சந்தைக்குச் சந்தை ஆள் போகிறது, வண்டி போகிறது, நோய் மட்டும் போகாமல் என்ன செய்யும்? ஆனால் ஊர் அப்படிக் கணக்குப் போடவில்லை. நான் சொன்னேன், அது வந்தது, அவ்வளவுதான். தென்காசி ரயிலடியில் இறங்கி நடந்தால், தெரிந்த பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். குற்றாலம் கடைத்தெருவில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்று கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் பாடும். நாதஸ்வரம் கேட்பார்கள், விவசாயிகள் பேசுவதைக் கேட்பார்கள். என் முறை வரும்போது கடைக்காரர் யாராவது எழுந்து குரல் கொடுப்பார்.

“அண்ணாச்சி, அந்தப் பொம்பள வந்துட்டா. நிப்பாட்டிரும்!”

பஞ்சாயத்து ரேடியோக்காரரும் உடனே நிறுத்திவிடுவார். நானே ஒருமுறை அந்தத் தெருவில் நின்று, எனக்குப் பதிலாக வாசித்த தோழியின் குரல் பாதி வார்த்தையில் அறுந்துபோனதைக் கேட்டேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் குரலை விரும்பிக் கேட்ட ஓர் ஆள் தம்பி மனைவி. மேலகரத்துப் பெண். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாகப் போய்ப் பெற்ற பெண் குழந்தை அப்போது அவள் இடுப்பில் இருந்தது. வீட்டில் பெரிய வால்வு ரேடியோ. வியாழக்கிழமையானால் அதற்கு முன்னால் பிள்ளையோடு உட்கார்ந்துவிடுவாள். நேரில் நான் சொல்வது எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அதையே ரேடியோவில் சொன்னால் அப்படியே செய்வாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பது அந்த வீட்டில் அப்படித்தான் வந்தது.

“நீங்க வீட்டுல எங்க மதினி. ஆயிரம் பேசுவிய. ரேடியோவுல சொல்லணும்னா நாலு பெரியவங்க பாத்துத்தான சொல்ல விடுவாவ” என்பாள்.

நிலையம் தொடங்கி அடுத்த வருஷச் சீசன். சாரல் நன்றாக விழுந்து, அருவிகளில் இடமில்லாத கூட்டம். ஒரு சனிக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு குடும்பம், கீழே முன்கட்டில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். பின்கட்டில் தம்பி இருந்தான். படியேறும்போதே எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. சமையல் நேரம். கீழ்வீட்டில் அடுப்பு எரிகிறது, புகை வருகிறது. ஆனால் தாளிக்கிற வாசனை இல்லை. கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை. உள்ளே ஆள் இருந்தும் கதவு சாத்தியிருந்தது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அந்த நெடி அம்மனுக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டாம். மாடிக்காரர்களுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“எத்தன நாளா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“என்னது எத்தன நாளா?”

“ஏலே, எங்கிட்டயா? கீழ பெரியம்மை கண்டுருக்கு.”

அவன் முகம் செத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான். “மெல்லப் பேசுக்கா. மாடியில ஆளு இருக்கு. அந்தப் பையனுக்குக் கொப்புளம் காஞ்சுட்டு. நாளைக்குக் கடசித் தண்ணி ஊத்திட்டுக் கெளம்பிருதோம்னு சொல்லிட்டாவ. சாமி காரியம், அது பாட்டுக்குப் போயிரும்.”

“புள்ளைக்குக் குத்தியாச்சா?”

குழந்தைக்கு அம்மைத் தடுப்பு குத்தவில்லை. அது தெரிந்துதான் கேட்டேன். தம்பி மனைவியின் வீட்டில், கோயிலில் முதல் முடி இறக்காமல் பிள்ளை உடம்பில் கீறல் படக்கூடாது. முடி இறக்குவதற்கு ஆடி கழிய வேண்டும். இதோடு, அம்மன் முன்கட்டில் இருக்கும்போது பின்கட்டில் அம்மை குத்தினால் அது அவளை அவமதிப்பது போலாகும். தம்பி மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் இதையெல்லாம் சொன்னாள். நான் கெஞ்சினேன், திட்டினேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன்: அம்மை இருக்கிற இடத்தில் இருந்துவிட்டாலும், உடனே குத்தினால் பிள்ளை தப்பித்துக்கொள்ளும், தள்ளிப்போட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“ரேடியோவுல சொல்லட்டும் மதினி. குத்திருதேன்” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

ரேடியோவில் சொல்வது அவள் நினைத்த மாதிரி என் கையில் இல்லை. சுகாதாரத்துறை எழுதிக் கொடுக்காமல் பெரியம்மை என்ற வார்த்தையை வாசிக்க விடமாட்டார்கள். அன்று மத்தியானமே தென்காசிக்குப் போய் ஹெல்த் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். “ரிப்போர்ட் ஒண்ணும் வரலியேம்மா” என்றார். யார் ரிப்போர்ட் கொடுப்பது? தாளிக்காத வாசனையை எந்தக் காகிதத்தில் எழுதுவது? நான் விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு மெயினருவிக்கு வருவதாகவும், அப்படியே வீட்டை எட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

அவரைப் பிடிக்க நானும் அருவிக்குப் போய் நின்றேன்; எட்டிப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. அம்மை இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வீட்டில் ஊற்ற வேண்டிய கடைசித் தண்ணீரை, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று, அருவியிலேயே ஊற்றுவதாகக் கீழ்வீட்டுக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதைவிடப் புனிதமான தண்ணீர் எங்கே இருக்கிறது? மஞ்சள் துணியில் பையனைச் சுற்றி, வேப்பிலையால் மூடி, அவன் அம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கால்களில் பொருக்குத் தட்டியிருந்தது தெரிந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நெருக்கியடித்து நின்ற கூட்டம் அந்த மஞ்சள் துணியைப் பார்த்ததும் அப்படியே விலகி வழிவிட்டது. பயந்து விலகினார்கள் என்று நினைத்தேன். இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளிடம் வேப்பிலை கேட்டு வாங்கினார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கி அந்தப் பையனின் காலைத் தொடவைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி.

அருவி இரைகிற இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். “நாளைக்கே எழுதிருதேன்” என்று அவர் உதடு அசைந்தது. அப்போதுதான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். தம்பி மனைவி ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். பையன் தலையிலிருந்து வழிந்த மஞ்சள் தண்ணீரைக் கையில் ஏந்தி, குழந்தையின் நெற்றியிலும் வாயிலும் தடவிக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டுக்காரர்கள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்கள். தம்பி முன்கட்டைக் கழுவி வெள்ளையடித்தான். இன்ஸ்பெக்டர் சொன்னபடி எழுதினார், அம்மை குத்துகிறவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர் தெருமுனையில் வரும்போதே பாதி வீடுகள் பூட்டிக்கொண்டன. தம்பி மனைவி பிள்ளையோடு மேலகரத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டு, அவர்கள் போனபின்தான் திரும்பினாள். ரேடியோ இன்னும் சொல்லவில்லையே.

நான் திருநெல்வேலிக்குத் திரும்பி, குற்றாலத்தில் பெரியம்மை என்று எழுதி மேசையில் வைத்தேன். நிலைய அதிகாரி நீலப் பென்சிலால் குற்றாலத்தை அடித்துவிட்டு, தென்காசி வட்டாரம் என்று போட்டார். சீசன் நேரத்தில் பீதி கிளப்பக்கூடாதாம். அருவியில் பார்த்ததை அவரிடம் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று கடைசியில் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு வாக்கியம். அதை மட்டும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வாசித்தேன். தென்காசி வட்டாரத்தில் பெரியம்மை கண்டிருக்கிறது, கைக்குழந்தைகளுக்கும் உடனே அம்மை குத்த வேண்டும், வீட்டில் அம்மை இருந்தாலும் குத்தலாம், அதனால் கெடுதல் வராது. பிறகு அந்த வாக்கியம்: “முதல் முடி இறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.” அதைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். மாவட்டம் முழுக்கக் கேட்கிற ரேடியோவில், ஒருத்திக்காக மட்டும் எழுதிய வாக்கியம் அது. விளக்கு அணைந்ததும் மனம் லேசாகிவிட்டது. கேன்டீனில் இரண்டு வடை வாங்கித் தின்றேன்.

அந்த வாரக் கடைசியில் என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைதான் குற்றாலம் போக முடிந்தது. கடைத்தெருவில் அதே கூட்டம், அதே பழக்கடை, அதே பாட்டு. என்னைப் பார்த்ததும் பழக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி வீட்டு மொட்டைமாடியில் ரேடியோவுக்குக் கட்டியிருந்த ஏரியல் கம்பி காணவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி மனைவி பின்கட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டித் தொட்டேன். நெருப்பாகக் கொதித்தது. கையில் குத்திய தழும்பைத் தேடினேன். இரண்டு கைகளிலும் தேடினேன்.

“ஏட்டி, குத்தலியா?”

“நீங்க சொல்லலியே மதினி.” அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. “ஏரியல் கம்பியக் கொரங்கு அறுத்துட்டு. நான்தான் உங்க தம்பிய அனுப்புனேன், யாரு வீட்டுலயாவது போயிக் கேட்டுட்டு வாங்கன்னு. கேட்டுட்டு வந்து, பூச்சிமருந்தப் பத்தித்தான் அக்கா சொன்னா, அம்மையப் பத்தி ஒண்ணுமில்லன்னு சொன்னாவ. அப்ப ஒண்ணுமில்லன்னுதான மதினி அர்த்தம்?”

நான் திரும்பினேன். தம்பி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். தம்பி மனைவி பதறிப்போய்க் கையைக் காட்டினாள். “சத்தம் வேண்டாம் மதினி. அம்மா வாரா போலிருக்கு.” அம்மை கண்ட வீட்டில் சண்டை கூடாது, உரத்த பேச்சு கூடாது, அழுகை கூடாது. வாசலில் அவள் அதற்குள் வேப்பிலை செருகியிருந்தாள். ஊர் ஊராகக் கேட்கும்படி பேசுகிறவள், என் தம்பியின் பெயரைச் சொல்லிக்கூடக் கத்த முடியாமல் அந்த வீட்டில் நின்றேன்.

அவனைக் கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரியல் கம்பி விறகுக்குப் பக்கத்தில் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. எந்தக் குரங்கும் அப்படிச் சுருட்டாது.

“கேட்டியாலே நீ?”

“கேட்டேன்க்கா.” அவன் தலையைத் தூக்கவில்லை. “முடி எறக்குததப் பத்திச் சொன்ன. அவளுக்குத்தான் சொல்லுதன்னு தெரிஞ்சுது.”

“பின்ன ஏன்?”

“குத்துனா கை வீங்கும், காய்ச்சலடிக்கும். மாடியில இருக்கவங்க என்னன்னு கேப்பாங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா கடத்தெருவுக்கே தெரிஞ்சிரும். அம்மை கண்ட வீடுன்னு பேரு விழுந்துட்டா இனிமே எவன்க்கா வருவான்? அவங்கதான் போயிட்டாவளே, கழுவி விட்டாச்சே, முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன்.” பிறகு என் காலைத் தொட வந்தான். “அவகிட்ட மட்டும் சொல்லிராதக்கா. என்கூட இருக்க மாட்டா.”

நான் காலை இழுத்துக்கொண்டேன். உள்ளே போய்க் குழந்தைக்கு வேப்பிலையால் விசிறினேன். அதைத்தவிர அந்த வீட்டில் எனக்கு வேறு வேலை மிச்சமில்லை.

குழந்தை பிழைத்தது. அந்த வாரங்களை எழுத எனக்குத் தெம்பில்லை. அம்மன் ஒரு கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது, உயிரை விட்டாளே என்று சந்தோஷப்பட்டது. அதன்பின் ஒரு வியாழக்கிழமையையும் நான் விடவில்லை. மேலகரத்திலும் இலஞ்சியிலும் அம்மை கண்டதை ரேடியோவில் வாசித்தேன். அருவிக்கு வந்துவிட்டு எங்கெங்கோ திரும்பிப் போனவர்களைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. வந்திருந்தாலும் குற்றாலத்தின் பெயரை அடித்திருப்பார்கள். நிலையத்தில் என் பெயர் வளர்ந்தது. டாக்டர்கள் என்னைத் தேடி வந்து பேச ஆரம்பித்தார்கள், மருத்துவச் செய்தி என்றால் அந்த அம்மாதான் என்றானது.

தம்பியோடு நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் காரணம் கேட்பாள். மேலகரத்தில் நாலு நாள் தங்கலாம், அதற்குமேல் அவளுக்கு அவனைவிட்டால் போக்கிடம் இல்லை, அந்தப் பிள்ளைக்கும் இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இல்லை, சொல்வதில்லை என்றே முடிவு செய்தேன். அந்தக் கோபம் எனக்குள்ளேயே கிடந்தது. இப்போதும் கிடக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று போயிருந்தேன். புதுச் சட்டை போட்டு, முகமெல்லாம் தழும்போடு, நல்ல கண் இருக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துச் சிரித்தது. தம்பி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி தலைவாரிப் பூ வைத்தவள், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே நின்றாள்.

“மதினி, நான் இத்தன வருசமா உங்ககிட்டக் கேக்கணும்னு நெனச்சேன். அந்த வாரம் நீங்க ஏன் சொல்லல? சொல்லியிருந்தா குத்தியிருப்பேனே. புள்ள தலையில கைய வச்சுல்லா சொன்னேன்.”

தம்பியின் கை செருப்பு வாரில் நின்றுவிட்டது.

“எழுதிக் குடுத்தேன் ஏட்டி” என்றேன். “பெரியவங்க அடிச்சுட்டாவ. வாசிக்க விடல.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு கிட்டே வந்து என் தோளில் கை வைத்தாள்.

“போகட்டும். ஒரு நாளும் நான் உங்கள மனசார வெறுத்ததில்ல” என்றாள். தம்பி குனிந்த தலையை நிமிர்த்தாமல் மற்ற செருப்பையும் மாட்டிவிட்டான்.